மகன் போய்ப் பார்க்கும் அப்பா அம்மா கல்யாணம்: மீனாட்சி திருக்கல்யாணம் ஆண்டுதோறும் நடப்பது ஏன்?

பங்குனியில் திருப்பரங்குன்றத்தில் முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். மகன் கல்யாணத்துக்குப் பெற்றோர் வராமல் இருக்க முடியுமா? மதுரையில் இருந்து மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் புறப்பட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் சித்திரையில் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம், அதற்கு முருகன் தெய்வானையோடு வருகிறார். அதாவது போன மாதம் தன் கல்யாணத்தை நடத்திவைக்க வந்த அப்பா அம்மாவுக்கு இந்த மாதம்தான் கல்யாணம், மகனும் மருமகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு சித்திரையிலும் நேரலை ஓடும்போது வீட்டில் ஒரு குழந்தையாவது இதைக் கேட்டுவிடும். பெரியவர்களுக்கும் சந்தேகங்கள் உண்டு, வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களுக்கு வருஷா வருஷம் எதற்குத் தாலி? இது கல்யாண நாள் கொண்டாட்டமா, நாடகமா, சடங்கா? சுவாமிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு அம்மன் இருக்கிறாரே, அவர் யார்? பெண்கள் ஏன் அந்த நேரத்தில் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள்? அழகர் உண்மையில் கல்யாணத்துக்குத்தான் வருகிறாரா? அடிப்படையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. முதலில் நான்கு சொற்கள்

1. கல்யாணம்: இந்த வடமொழிச் சொல்லுக்கு நேர்ப்பொருள் திருமணம் அல்ல. மங்களம், நன்மை என்பதுதான் மூலப்பொருள். பெருமாளுக்கு 'அனந்த கல்யாண குணங்கள்' என்று சொல்லும்போது அங்கே யாருக்கும் கல்யாணம் நடக்கவில்லை, எண்ணற்ற நல்ல குணங்கள் என்றுதான் அர்த்தம். மணத்துக்கு நம்மிடம் மன்றல், வதுவை என்று பழைய சொற்கள் இருக்க, கல்யாணம் என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் ஒரு வீட்டில் நடக்கிற மங்களங்களில் பெரியது அது.

2. மூலவர், உற்சவர்: கருவறையில் அசையாமல் இருப்பவர் மூலவர். வீதிக்கு வருபவர் உற்சவர், பெரும்பாலும் செப்புத் திருமேனி. கல்யாணம் நடப்பது உற்சவருக்கு. இந்த வித்தியாசம் கடைசி வரை நமக்கு வேண்டும்.

3. உற்சவம்: 'உத்' என்றால் மேலே, 'ஸவம்' என்றால் படைப்பு, பிறப்பு என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். நடந்து முடிந்த ஒன்றை நினைவுகூர்வது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

4. சங்கல்பம்: எந்தப் பூஜையும் தொடங்கும்போது 'இன்ன காரணத்துக்காக இதைச் செய்கிறோம்' என்று சொல்வது. கோயில் திருக்கல்யாணத்தில் அது 'லோக க்ஷேமார்த்தம்', உலக நன்மைக்காக. மணமக்களின் நல்வாழ்வுக்காக அல்ல.

2. பிரியாதவர்களுக்கு எதற்குக் கல்யாணம்?

சைவ சித்தாந்தம் சிவத்தையும் சக்தியையும் இரண்டு ஆட்களாகப் பார்ப்பதில்லை. தீயும் அதன் சூடும் போல. சூடு இல்லாத தீயும் கிடையாது, தீ இல்லாமல் சூடு மட்டும் தனியே போய் நிற்பதும் கிடையாது. சிவனுடைய அருளுக்குத்தான் சக்தி என்று பெயர். அப்படியானால் இவர்களைச் சேர்த்துவைக்க ஒரு முகூர்த்தம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

இதற்குப் பதில் ஒரு பிரிவினையில் இருக்கிறது. இறைவன் தன்னளவில் எப்படி இருக்கிறான் என்பது சொரூப நிலை. உயிர்களுக்காக இறங்கி வரும்போது எப்படி இருக்கிறான் என்பது தடத்த நிலை. உருவம், பெயர், ஊர், மனைவி, மக்கள் எல்லாமே இரண்டாவதில் வருபவை. கல்யாணமும் அங்கேதான். பிரியாத ஒன்று நம் கண்ணுக்குத் தெரிவதற்காக இரண்டாகப் பிரிந்து நின்று, நம் எதிரிலேயே மறுபடி சேர்கிறது.

சரி, அது ஏன் கல்யாணமாகத்தான் இருக்க வேண்டும்? இருவரும் அருகருகே நின்று காட்சி கொடுத்தால் போதாதா? இதற்குக் கதைகளில் ஒரு தர்க்கம் ஓடுகிறது:

1. சிவன் கல்லால மரத்தடியில் மோனத்தில் உட்கார்ந்துவிடுகிறார். உலகத்தில் எவருக்கும் எதிலும் பற்று எழவில்லை, பிறப்பும் வளர்ச்சியும் நின்றுபோகின்றன.

2. தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள், நெற்றிக்கண் பட்டு அவன் சாம்பலாகிறான். மயிலாடுதுறைப் பக்கம் திருக்குறுக்கையைத்தான் அது நடந்த இடமாகச் சொல்வார்கள்.

3. பிறகு இமயத்தில் பார்வதியோடு திருமணம் நடக்கிறது. அதன் பின் ரதி கேட்டுக்கொள்ள மன்மதன் உயிர் பெறுகிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக.

ஆசைக்கு அடிமைப்பட்டு நடந்த கல்யாணம் அல்ல, அதை எரித்த பிறகு நடந்த கல்யாணம். ஆனாலும் அந்தக் கல்யாணம் நடந்ததால்தான் உலகத்துக்கு ஆசையும் வாழ்வும் திரும்பக் கிடைத்தன. திருவாசகத்தின் திருச்சாழலில் இதே விஷயம் இரண்டு பெண்களின் விளையாட்டுப் பேச்சாக வரும். ஒருத்தி, உங்கள் சிவன் பெண்ணை விரும்பிய பித்தன்தானே என்று கேலி செய்வாள். மற்றவள், அவன் அப்படி விரும்பியிருக்காவிட்டால் உலகத்தார் எல்லோரும் யோகத்தில் போய் உட்கார்ந்து உலகமே முடிந்திருக்கும், போடி என்பாள். தத்துவப் புத்தகங்கள் பல பக்கம் எழுதுவதை இவள் ஒரு வரியில் முடித்துவிடுகிறாள்.

அகத்தியர் கதையும் இந்த இடத்துக்கு உரியதுதான். கைலாயக் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள், கல்யாணத்தைப் பார்க்க முடியாதே என்று அவர் வருந்த, நீ இருக்கும் இடத்திலேயே அந்தக் கோலத்தைக் காட்டுகிறேன் என்றார் சிவன். வேதாரண்யம், பாபநாசம் போன்ற ஊர்களில் இந்தக் காட்சி கிடைத்ததாகச் சொல்வார்கள், வேதாரண்யத்தில் லிங்கத்துக்குப் பின்னால் கல்யாணக் கோலத்தையே பார்க்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நடந்த கல்யாணத்தைப் பற்றிய செய்தி அகத்தியருக்குக் கிடைக்கவில்லை, கல்யாணமே கிடைத்தது. வர முடியாமல் போனவர் இருக்கும் ஊருக்கு முகூர்த்தம் போகிறது. நம் ஊர்த் திருக்கல்யாணங்களின் அடிப்படை இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம், நாமெல்லோரும் அகத்தியரைப் போல அன்றைக்கு வர முடியாமல் போனவர்கள்.

3. பிரியாவிடை என்ற பெயர்

மதுரையில் சுவாமி புறப்பாட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுந்தரேஸ்வரர் தனியாக வருவதில்லை. பக்கத்தில் ஒரு அம்மன் இருப்பார். மீனாட்சி வேறொரு வாகனத்தில் தனியாக வருவார். கல்யாண மேடையிலும் மாப்பிள்ளை பக்கத்தில் அந்த அம்மன் இருப்பார். இதைப் பார்த்துவிட்டு 'இது முதல் மனைவியா' என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த அம்மனின் பெயர் பிரியாவிடை. பிரியாதவள்.

இது மதுரைக்கு மட்டும் உரிய ஏற்பாடு இல்லை. சிவன் கோயில்களில் ஐந்து மூர்த்திகள் புறப்பாடு என்று கேட்டிருப்பீர்கள்: விநாயகர், முருகன், பிரியாவிடையோடு சுவாமி, தனி அம்மன், சண்டிகேஸ்வரர். சுவாமியோடு எப்போதும் இருக்கும் சக்தி ஒன்று, நமக்காகத் தனியே வந்து தனிப்பெயரும் தனிச்சந்நிதியும் ஊர்க்கதையும் கொண்ட சக்தி இன்னொன்று. உண்மையில் இரண்டும் ஒருவர்தான்.

இப்போது மேடையைத் திரும்பப் பாருங்கள். மாப்பிள்ளையோடு என்றைக்கும் பிரியாதவள் உட்கார்ந்திருக்கிறாள், அவளே எதிரில் மணப்பெண்ணாகவும் இருக்கிறாள். சேர்வதற்காக நடக்கும் கல்யாணம் இல்லை என்பதைச் சொல்ல எந்த உபந்நியாசகரும் தேவையில்லை, மேடையின் இருக்கை வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது. முருகன் பெற்றோர் கல்யாணத்துக்கு வருவதும் இதே வகைதான். திருவிளையாடல் புராணத்தில் மீனாட்சிக்கும் சோமசுந்தரருக்கும் கல்யாணம் ஆன பிறகுதான் முருகனே உக்கிரபாண்டியனாக வந்து பிறக்கிறார். இந்தக் கணக்கு இடிக்கும் என்பது ஏற்பாடு செய்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காலக்கணக்கு போட்டுப் பார்க்காதே என்பதற்கு மகனை அழைத்துவந்து உட்காரவைப்பதை விடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

கோயில் கட்டட அமைப்பிலும் இது இருக்கிறது. மதுரையில் சுவாமி, அம்மன் இரண்டு சந்நிதியும் கிழக்கு பார்த்தவை, மீனாட்சி சுவாமிக்கு வலப்பக்கம். மணவறையில் பெண் வலப்பக்கம் உட்காரும் அந்த நிலை கல்லில் அப்படியே நின்றுவிட்டது, வருஷம் முழுக்க.

4. முடிசூட்டு, போர், பிறகுதான் கல்யாணம்

சித்திரைத் திருவிழா கோயிலுக்குள் 12 நாள். அதில் கடைசிப் பகுதியின் வரிசை முக்கியம்:

1. எட்டாம் நாள் பட்டாபிஷேகம். மீனாட்சிக்கு முடிசூட்டிச் செங்கோல் கொடுக்கிறார்கள்.
2. ஒன்பதாம் நாள் திக்குவிஜயம். எட்டுத் திசைக் காவலர்களையும் போரில் வெல்கிறாள்.
3. பத்தாம் நாள் திருக்கல்யாணம்.
4. பதினோராம் நாள் தேர். பன்னிரண்டாம் நாள் தீர்த்தம்.

கதை தெரிந்ததுதான். மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டி வேள்வி செய்ய, நெருப்பில் இருந்து மூன்று வயதுச் சிறுமி வருகிறாள், மூன்று மார்போடு. கணவனைக் காணும்போது மூன்றாவது மறையும் என்கிறது அசரீரி. தடாதகை என்று பெயரிட்டு, ஆண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து, முடிசூட்டுகிறார்கள். அவள் திசைகளை வென்று கைலாயம் வரை போகிறாள். நந்தியும் கணங்களும் தோற்றுப்போக, சிவனே எதிரில் வந்து நிற்கிறார். மூன்றாவது மார்பு மறைகிறது, அதுவரை வில் பிடித்தவள் தலை குனிந்து தரையைப் பார்க்கிறாள். நீ ஊருக்குப் போ, திங்கட்கிழமை வருகிறேன் என்கிறார் அவர்.

அந்த மூன்றாவது மார்புக்கு ஆணவம் என்று விளக்கம் சொல்வார்கள், இறைவனைக் கண்டதும் 'நான்' அழிகிறது என்று. உபந்நியாசத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. ஆணவம் போனவளிடம் அரசும் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. மதுரை மரபில் சித்திரையில் முடிசூடிய மீனாட்சி ஆவணி வரை நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேஸ்வரருக்குப் பட்டம், அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் ஆட்சி. கல்யாணம் முடிசூட்டுக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது, அதனால் முடி இறங்குவதில்லை. கதையில் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்கு வந்து சுந்தரபாண்டியன் என்று பெயர் வைத்துக்கொண்டு பாண்டிய நாட்டுக்காரராகிறார், கிட்டத்தட்ட வீட்டோடு மாப்பிள்ளை. இன்றும் ஒரு வீட்டில் யார் சொல் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள 'உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா' என்று கேட்கிறோமே, அந்த மதுரை.

இன்னொரு விதமாகப் படிக்கலாம் என்று தோன்றுகிறது. எட்டுத் திசையையும் வென்ற ஒருத்திக்கு வெளியே அடைய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. தேடல் முடிகிற இடத்தில், இனி வெல்ல முடியாத, வெல்ல வேண்டியும் இல்லாத ஒருவர் நிற்கிறார். மறைவது அவளுடைய ஆளுமை இல்லை, தேடல்தான். ஒதுங்கி உட்கார்ந்து பெறும் ஞானமாக இதை யாரும் சொல்லவில்லை, ஆண்டு, போரிட்டு, ஊரைக் கட்டிக்காத்த பிறகு வரும் நிறைவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

5. அந்த முகூர்த்தத்தில் நடப்பது

காலையில் மேடை முழுக்கப் பூ. திருப்பரங்குன்றத்து முருகனும் தெய்வானையும் வந்தாயிற்று, பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்தாயிற்று. பெண்ணுக்கு அண்ணன் அவர், தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர். கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் இந்தக் காட்சி சிற்பமாக இருக்கிறது: நடுவில் நாணி நிற்கும் பெண், ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் தங்கையின் கையைப் பிடித்துக்கொடுக்கும் திருமால். சைவ வைணவச் சண்டைகளைப் பற்றி எவ்வளவோ படித்திருப்போம், மதுரையில் இரண்டு தரப்பும் சம்பந்தி.

சுவாமி, அம்மன் சார்பில் இரண்டு பட்டர்கள் காப்புக் கட்டிக்கொண்டு மாலை மாற்றிக்கொள்வார்கள். பிறகு தாலியை உயர்த்திக் காட்டி, கெட்டிமேளம் முழங்க அம்மனுக்குத் திருப்பூட்டு. அந்த நொடியில் கூட்டத்தில் இருக்கும் பெண்களைப் பார்க்க வேண்டும். மடியில் தயாராக வைத்திருந்த புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் ஏற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழையதைக் கழற்றுவார்கள், கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று. பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் கயிறு கட்ட, குங்குமம் வைக்க ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள்.

இதுதான் 'நினைவு விழா' என்ற விளக்கத்தை உடைக்கும் இடம். நினைவு விழாவில் நாம் பார்வையாளர்கள். இங்கே அம்மன் கழுத்தில் ஏறும் நேரத்தில் என் கழுத்திலும் ஏறுகிறது. தன் கல்யாண நாளில் கணவன் கட்டியதை அவள் மறுபடி தானே கட்டிக்கொள்கிறாள், அந்த முகூர்த்தத்தில் இருந்து கொஞ்சம் தன் முகூர்த்தத்துக்கு ஊற்றிக்கொள்வது போல. இது ஆகமம் விதித்ததாகத் தெரியவில்லை, பெண்கள் தாங்களாகவே பிடித்துக்கொண்ட பங்கு என்றுதான் தோன்றுகிறது. கணவனை இழந்தவர்கள், மணமாகாதவர்கள் எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சிலர் சொல்வதற்கு இதில் இடம் இல்லை. சங்கல்பம் உலகத்துக்கு.

கல்யாணம் என்றால் மொய்யும் சாப்பாடும் வேண்டும். இரண்டும் உண்டு. கோயிலில் மொய் எழுதுகிறார்கள், ஊரில் பந்தி போடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். புராணத்துக் கல்யாணத்திலும் சாப்பாடு ஒரு தனிக் கதை. சமைத்தது மிஞ்சிக் கிடக்கிறதே என்று மணப்பெண்ணுக்குக் கொஞ்சம் பெருமை வர, சிவன் குண்டோதரன் என்ற பூதத்தைச் சாப்பிட உட்காரவைக்கிறார். அவன் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு இன்னும் பசி என்கிறான். பிறகு தாகம். அந்தத் தாகத்துக்காக வந்ததுதான் வைகை என்கிறது கதை, 'கையை வை' என்றதால் வைகை. ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் வந்ததே ஒரு கல்யாணப் பந்தியால் என்று சொல்லும் ஊர் வேறெங்காவது இருக்குமா?

6. அழகர் எதற்கு வருகிறார்?

இதில் இரண்டு கதைகள் கலந்து கிடக்கின்றன, குழப்பம் அதனால்தான்.

1. மக்கள் சொல்லும் கதை: தங்கை கல்யாணத்துக்குக் கள்ளழகர் புறப்பட்டு வருகிறார், வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விடுகிறார்.

2. அழகர்கோயில் தல வரலாறு: துர்வாசரின் சாபத்தால் தவளையான சுதபஸ் முனிவருக்கு, அதாவது மண்டூக முனிவருக்கு, விமோசனம் கொடுக்க வருகிறார். கல்யாணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

3. நடந்திருக்கக்கூடியது: இரண்டும் வேறு வேறு மாதத்தில், வேறு வேறு இடத்தில் நடந்த விழாக்கள். மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியில். அழகர் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கம் தேனூரில், சித்திரை முழுநிலவில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டையும் சித்திரையில் மதுரையில் சேர்த்தார் என்பது ஊரில் நிலைத்த செய்தி. தடயங்கள் இன்னும் இருக்கின்றன: சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதியில் ஓடுகிறது. அழகர் சாப விமோசனம் கொடுக்கும் வண்டியூர் மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம்.

விழாக்களைச் சேர்த்தது அரசன் என்றால், அவற்றை ஒட்டவைத்த பசை மக்கள் கதை. கவனியுங்கள், தாரை வார்க்கும் அண்ணன் வேலையைப் பவளக்கனிவாய்ப் பெருமாள் ஏற்கெனவே முடித்துவிட்டார். ஆனாலும் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கிராமம் கிராமமாக ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு கோபக்கார அண்ணன் இருந்தால்தான் அது நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கிறது. தாமதமாக வந்து முறுக்கிக்கொண்டு போகும் தாய்மாமன் இல்லாத கல்யாணம் எந்த ஊரில் நடந்திருக்கிறது? வரலாற்றுப்படி தவறான கதை, அர்த்தப்படி சரியான கதை.

7. மற்ற கோயில்களில்

மதுரைக்குச் சொன்னது எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. முக்கியமாக, மணப்பெண் யார் என்பது மாறும்.

திருவரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து இருப்பது வருஷத்தில் ஒரே நாள், பங்குனி உத்திரம். அதற்கு முன் உறையூர் கமலவல்லியிடம் போய்வந்த பெருமாளின் கைமோதிரத்தைக் காணவில்லை என்று தாயார் கதவைச் சாத்துகிறார், மட்டையால் அடி விழுகிறது, நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கிறார். சிரித்துக்கொண்டே பார்க்கும் காட்சிதான், ஆனால் அதற்கு அடுத்து வரும் சேர்த்தியின்போதுதான் இராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார். ஏன் அந்த நாள்? வைணவத்தில் 'புருஷகாரம்' என்று ஒரு சொல் உண்டு, பெருமாளிடம் நமக்காகத் தாயார் செய்யும் சிபாரிசு. இருவரும் சேர்ந்திருக்கும்போது கேட்டால் மறுக்க மாட்டார். கல்யாணம் அங்கே மனு கொடுக்கும் நேரம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கனவில் கண்ட கல்யாணம், அதே பங்குனி உத்திரத்தில் ரங்கமன்னாரோடு நடக்கிறது. இங்கே மணப்பெண் பூமியில் வளர்ந்த ஒரு பெண், ஆழ்வார்களில் ஒருத்தி. உயிர்கள் எல்லாமே அந்த ஒரு புருஷனுக்குப் பெண்கள்தான் என்பது அவர்கள் சித்தாந்தம். தஞ்சைப் பக்கத்து பஜனை மடங்களில் நடக்கும் ராதா கல்யாணத்தில் இது இன்னும் வெளிப்படை, ராதை என்ற பெயரே பாகவத புராணத்தில் நேராக வருவதில்லை, இருந்தும் பாகவதர்கள் வரன் பார்த்ததில் இருந்து ஊஞ்சல் வரை விடாமல் நடத்துகிறார்கள், ஏனென்றால் ராதை என்பது ஜீவன். இப்போது கோவளம் பக்கம் திருவிடந்தைக்குப் போனால் நித்யகல்யாணப் பெருமாள், காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்தவர், கல்யாணம் அங்கே தினசரி வேலை. அந்த 360 பேரும் கடைசியில் அகிலவல்லி என்ற ஒரே தாயாராகிறார்கள். பிரியாவிடைக்கு நேர் எதிர்த்திசை, இங்கே பல ஒன்றாகிறது.

கூத்தாண்டவர் கோயில் இருக்கும் கூவாகத்தை இந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். பாரதப் போருக்காகக் களப்பலியான அரவானுக்காகத் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் களப்பலி முடிந்ததும் அதை அறுத்து வெள்ளைச்சேலை உடுத்தி அழுகிறார்கள். பக்தர் நேராகவே மணப்பெண்ணாகிவிடும் கல்யாணம். மங்களம் என்ற ஒரு சொல்லில் இதை அடக்க முடியாது. தெய்வத்தோடு சேர்வது என்றால் அதன் சாவிலும் பங்கு எடுப்பது என்கிறது அது.

8. அடிக்கடி கேட்கப்படும் மூன்று

1. டிவியில் பார்த்தால் பலன் உண்டா? 2020 மே மாதம் ஊரடங்கில் கோயில் பூட்டியிருக்க, சில பட்டர்கள் மட்டும் இருந்து திருக்கல்யாணத்தை நடத்தினார்கள், ஊரே நேரலையில் பார்த்தது, பெண்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கயிறு மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் வராததால் நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதே பாதிப் பதில். மீதிப் பாதி அகத்தியர் கதையில் இருக்கிறது.

2. கல்யாண உற்சவத்துக்குப் பணம் கட்டினால் வரன் அமையுமா? திருமணஞ்சேரியிலும் திருவிடந்தையிலும் அந்த நம்பிக்கையோடு மாலை வாங்கிக்கொள்பவர்கள் நிறைய. நம்பிக்கையை எடை போட இங்கே வரவில்லை. ஆனால் ரசீதுக்கு வரன் என்ற கணக்கு சங்கல்பத்தில் கிடையாது.

3. நம் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துத்தானே சாமிக்கும் செய்கிறோம்? ஓரளவு ஆமாம், தாலியும் மொய்யும் நம் ஊர் வழக்கங்கள். ஆனால் எதிர்த்திசையும் உண்டு. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூரியனின் மகள் சூர்யாவுக்கும் சோமனுக்கும் நடக்கும் கல்யாணப் பாட்டு இருக்கிறது, மனிதக் கல்யாணத்தில் ஓதும் மந்திரங்கள் பல அதில் இருந்து எடுத்தவை. வைதிக முறையில் கன்னிகாதானம் செய்யும்போது மாப்பிள்ளையை விஷ்ணுவாகவும் பெண்ணை லட்சுமியாகவும் பாவித்துக் கால் கழுவுகிறார்கள். அரைமணி நேரத்துக்கு முன்புவரை செல்போனில் பேசிக்கொண்டிருந்த பையன்தான் அவன். கோயிலில் சாமி மனிதராகிறது, மண்டபத்தில் மனிதர் சாமியாகிறார்கள்.

திருக்கல்யாணத்தன்று இரவு மாசி வீதியில் நின்றால் புதுமணத் தம்பதி வருவதைப் பார்க்கலாம். மீனாட்சி ஆனந்தராயர் பூப்பல்லக்கில், சுந்தரேஸ்வரர் யானை வாகனத்தில். கல்யாணம் ஆன அன்றைக்கே தனித்தனியாகவா என்று யாராவது கேட்டால் யானையின் மேல் பார்க்கச் சொல்லுங்கள். சுவாமி பக்கத்தில் பிரியாவிடை இருப்பார்.